ஜோ ரூட்டை பாஸ்பால் கெடுத்ததா?

கேள்வி இதுதான்: "ராஜ்கோட்டில் பும்ராவை ரிவர்ஸ் ஸ்கூப் (மட்டையைத் திருப்பி, ஸ்லிப்புகளின் தலைக்கு மேலே பந்தைப் பின்பக்கம் தூக்குகிற ஷாட்) ஆடப்போய் ரூட் அவுட்டானதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாஸ்பால் என்கிற இங்கிலாந்தின் இந்த அடிதடி ஆட்டம் அருமையான ஒரு டெஸ்ட் பேட்ஸ்மேனைக் கெடுத்துவிட்டதா? நம் புஜாராவையும் இப்படித்தான் மாற்றியிருக்க வேண்டுமா?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமாகச் சொன்னால், கெடுத்தது, கொஞ்ச காலத்துக்கு. அதே திட்டம்தான் அவருக்கு முன்பு கிடைக்காத ஓட்டங்களையும் வாங்கிக் கொடுத்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்ததால்தான் இது பேச வேண்டிய விஷயம். ஒரு அணி வேகமாக ஆடுவதால் அந்த அணியில் இருக்கும் நிதானமான பேட்ஸ்மேனுக்கு வரும் லாபம் ஒன்று, தானும் அப்படி ஆட வேண்டுமோ என்று அவர் நினைக்க ஆரம்பிப்பதால் வரும் நஷ்டம் இன்னொன்று. பாஸ்பாலைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ரூட் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று சேப்பாக்கத்தில் 2021 பிப்ரவரியில் பார்த்தோம். அவருடைய நூறாவது டெஸ்ட். கொரோனா காலம், ஸ்டாண்டுகள் காலி, டிவியில்தான் பார்க்க முடிந்தது. 377 பந்துகள் ஆடி 218. நூறாவது டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்த முதல் ஆள் அவர். இருநூறைத் தொட்டது அஸ்வின் பந்தில் சிக்ஸர் அடித்து, அதனால் அவருக்கு அடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஒரு சிக்ஸரை விட்டுவிட்டு மீதி இன்னிங்ஸைப் பாருங்கள்: ஸ்வீப், பின்காலில் நகர்ந்து கவர் பக்கம் ஒரு தட்டு, கால் பக்கம் ஒரு திருப்பு, ஓடு. திரும்பவும் அதே. ரூட்டின் தனித்தன்மை பந்தைத் தாமதமாக ஆடுவது. பந்து மட்டையைத் தாண்டிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் மட்டையின் முகத்தைத் திறந்து தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருப்பார். ஸ்கோர்போர்டைப் பார்த்தால்தான் 30 அடித்திருப்பது தெரியும். டொக்கு வைத்து நிற்கிற ஆட்டமல்ல இது, அதையும் சொல்லிவிட வேண்டும். மரபான பேட்ஸ்மேன் என்றாலே கட்டை போடுகிறவர் என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ரூட் எப்போதுமே ஓட்டம் தேடுகிற ஆள்தான், ஆனால் காற்றில் அடிக்காமல், ஃபீல்டர் இல்லாத இடத்தில் தரையோடு.

2022 ஏப்ரலில் அவர் கேப்டன் பதவியை விட்டபோது இங்கிலாந்து கடைசியாக ஆடிய 17 டெஸ்டில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. 2021இல் மட்டும் அவர் தனியாக 1,708 ஓட்டங்கள் எடுத்திருக்கிறார், ஆறு சதம், ஆனாலும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. எதிர்முனையில் யாரும் நிற்கவில்லை. அந்த ஒரு வருஷத்து ஸ்கோர்கார்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒருவர் மூட்டை சுமக்க மற்றவர்கள் வேடிக்கை பார்த்த மாதிரி இருக்கும். அப்புறம் ஸ்டோக்ஸ் கேப்டன், பிரெண்டன் மெக்கல்லம் பயிற்சியாளர். பயத்தை விடு, அடித்து ஆடு, டிரா வேண்டாம் என்ற புதுக் கொள்கை.

அந்த முதல் கோடைக்காலம் ரூட்டுக்குத் தேனாக ஓடியது. லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக 277 துரத்தும்போது 115 நாட் அவுட், அதே இன்னிங்ஸில் பத்தாயிரம் ஓட்டம். டிரென்ட் பிரிட்ஜில் 176, அதில் சவுத்தியை ரிவர்ஸ் ஸ்கூப்பில் சிக்ஸர். ஹெடிங்லியில் 86 நாட் அவுட். பிறகு எட்ஜ்பாஸ்டனில் நமக்கு எதிராக 378ஐத் துரத்தி 142 நாட் அவுட். இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஆட்டத்தை எல்லோரும் பேர்ஸ்டோவின் அடியாக நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பேர்ஸ்டோவின் 114 வந்தது 145 பந்தில், ரூட்டின் 142 வந்தது 173 பந்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ரூட்தான் வேகம். ஷர்துல் தாக்கூரை ஸ்லிப்புக்கு மேலே சிக்ஸருக்கு அனுப்பிய அந்த ஒரு ரிவர்ஸ் ஸ்கூப்பைத் தவிர, அவர் வேகமாக ஆடுவதாகவே நமக்குத் தோன்றவில்லை.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஒரு டெஸ்ட் கேப்டனிடம் விக்கெட் கீப்பரையும் பந்து வீசுகிறவரையும் விட்டால் ஒன்பது ஆட்கள். மூன்று ஸ்லிப், ஒரு கல்லி வைத்தால் மிச்சம் ஐந்து பேர். பாயின்ட், கவர், மிட் ஆஃப், மிட் ஆன், மிட் விக்கெட் என்று அவர்களை நிறுத்தி, சிங்கிளை மறித்து, பேட்ஸ்மேனின் பொறுமையைச் சோதிப்பதுதான் பழைய வழி. ரூட் மாதிரி ஆளுக்கு இந்த அமைப்புதான் தொல்லை. அவர் தட்டுகிற இடங்களில் எல்லாம் ஒருவர் வட்டத்துக்குள் நிற்பார், அரை மணி நேரம் ஓட்டம் வராது, பிறகு வெளியே போகிற பந்தில் மட்டையை நீட்டுவார், எட்ஜ். ஆஸ்திரேலியாவில் அவரை இப்படியே பலமுறை கட்டிப்போட்டார்கள். இப்போது எதிர்முனையில் கிராலி, டக்கெட், புரூக், பேர்ஸ்டோ என்று நல்ல பந்தையே நாலுக்கு அடிக்கிற கும்பல். கேப்டன் என்ன செய்வார்? ஒரு ஸ்லிப்பை எடுத்து எல்லைக்கோட்டோரம் டீப் பாயின்டில் போடுவார், இன்னொருவரை டீப் ஸ்கொயர் லெக்கில். 2023இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரின் முதல் பந்திலேயே, எட்ஜ்பாஸ்டனில், ஒரு ஓட்டமும் எடுக்கப்படாத நிலையில், ஆஸ்திரேலிய கேப்டன் கம்மின்ஸ் டீப் பாயின்டில் ஆள் வைத்துக்கொண்டுதான் ஓடி வந்தார். (அந்தப் பந்தையும் கிராலி நாலுக்கு அடித்தார், அது வேறு.) உலகின் மிகச் சிறந்த பந்துவீச்சு அணிகளில் ஒன்று ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே எல்லைக்கோட்டைக் காக்கத் தொடங்கிவிட்டது.

அந்த அமைப்பில் ரூட் உள்ளே வருகிறார். பாயின்ட் வட்டத்துக்குள் இல்லை. தட்டினால் ஒன்று. கால் பக்கம் திருப்பினால் ஒன்று. ஓவருக்கு மூன்று நான்கு ஓட்டம், ஒரு ஆபத்தும் இல்லாமல், அவருடைய பழைய ஆட்டத்தை அப்படியே ஆடி. பந்து வீசுகிறவரும் ஒரு முனையில் அடிவாங்கி லெந்தை, அதாவது பந்து குத்துகிற இடத்தை, மாற்றியிருப்பார், மறுமுனையில் தாமதமாக ஆடுகிற ஒருவருக்கு அந்தக் குழப்பமான லெந்த் விருந்து மாதிரி. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில், மேட்டிங் விக்கெட்டில், எட்டு வருஷம் மூன்றாம் இடத்தில் டொக்கு வைத்து வாழ்ந்தவன் நான். என் வாழ்க்கையின் சிறந்த பருவம் எங்கள் அணிக்கு ஒரு முரட்டுத் தொடக்க ஆட்டக்காரர் வந்து சேர்ந்த வருஷம்தான். அவர் அரை மணி நேரம் நின்றால் போதும், எதிரணியின் ஃபீல்டர்கள் எல்லோரும் வேலியோரம் போய்விடுவார்கள், பிறகு எனக்கு ஓட்டம் ஓசியில் வரும். நான் நன்றாக ஆடுவதாக எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவர் வேறு கிளப்புக்குப் போன மறுவருஷம் உண்மை தெரிந்தது.

ஆக முதல் கோடையில் ரூட்டுக்கு நடந்தது அதிகபட்சம் இவ்வளவுதான்: மற்றவர்கள் அடித்தார்கள், அவர் அறுவடை செய்தார். கேப்டன் பாரமும் இறங்கியிருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை குளிர்காலத்தில் தொடங்கியது. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியில், எல்லோரும் ஒரு மாதிரி ஆடும்போது, ஒருவர் மட்டும் வேறு மாதிரி ஆடுவது சங்கடமான விஷயம். கல்யாண வீட்டில் எல்லோரும் பட்டு கட்டி வர, நாம் மட்டும் கதரில் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் உள்ளே ஒரு கூச்சம் இருக்கும். 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் இங்கிலாந்து முதல் நாளிலேயே 506 அடித்தது. நான்கு பேர் சதம். ரூட் 23. அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ஸாஹித் மஹ்மூதின் லெக் ஸ்பின்னுக்கு இடது கையால் திரும்பி நின்று சில பந்துகள் ஆடினார். எல்லோரும் சிரித்தார்கள், ரூட்டும் சிரித்தார், 73 எடுத்தார். சரி, ஆடுகளம் தார் ரோடு, விளையாட்டாகச் செய்தார் என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்து நியூசிலாந்தில், மவுன்ட் மாங்கனூயில், வாக்னரை ரிவர்ஸ் ஸ்கூப் ஆடப்போய் 14இல் ஸ்லிப்பில் கேட்ச். அந்தத் தொடரின்போது அவரே வெளிப்படையாகப் பேசினார், இந்த அணியில் தன் பங்கு என்ன என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருப்பதாக. பத்தாயிரம் ஓட்டம் தாண்டிய ஒருவர், அந்த அணியின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன், இருபது டெஸ்டுகூட ஆடாத பையன்கள் நடுவில் நின்று நான் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

அதற்கான பதிலும் அடுத்த டெஸ்டிலேயே வந்தது என்பதுதான் ஆச்சரியம். வெலிங்டனில் 21க்கு மூன்று விக்கெட். புரூக் வந்து பிய்த்து எறிந்தார், 186. ரூட் பழையபடி தட்டித் தட்டி 153 நாட் அவுட், இருவரும் சேர்ந்து 302. ஒருவர் அடி, ஒருவர் நிதானம், நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே. (இரண்டாவது இன்னிங்ஸில் அதே புரூக் ஒரு பந்துகூடச் சந்திக்காமல் ரன் அவுட்டானார், அழைத்தது ரூட். ரூட் 95 வரை போராடினார், அணி ஒரு ஓட்டத்தில் தோற்றது. அந்த ராத்திரி ரூட் தூங்கியிருக்க மாட்டார்.)

விடை கிடைத்தும் அதை அவர் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. 2023 ஆஷஸ், எட்ஜ்பாஸ்டன், முதல் நாள் 118 நாட் அவுட். நன்றாகச் செட்டான பேட்ஸ்மேன் ஆடிக்கொண்டிருக்கும்போதே 393க்கு எட்டு விக்கெட்டில் ஸ்டோக்ஸ் டெக்லேர் செய்தார். இது அணியின் திட்டம் ஒரு பேட்ஸ்மேனை நேரடியாகத் தொடுகிற இடம். இன்னும் முப்பது நாற்பது ஓட்டம் அவரிடம் இருந்தது, அந்த டெஸ்ட் கடைசியில் இரண்டு விக்கெட்டில் கையை விட்டுப் போனது. டெக்லரேஷனால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் செட்டான ரூட்டின் மதிப்பை அன்று அவருடைய சொந்த அணியே குறைத்துப் போட்டது என்று சொல்வேன். நான்காம் நாள் காலை முதல் பந்து, கம்மின்ஸ், ரூட் ரிவர்ஸ் ஸ்கூப் முயன்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் போலண்டை அதே ஷாட்டில் ஒரு நாலு, ஒரு சிக்ஸர். மைதானம் அதிர்ந்தது. பிறகு 46இல் சுழற்பந்து வீச்சாளர் லயனை ஏறி அடிக்கப்போய் ஸ்டம்பிங். டெஸ்ட் வாழ்க்கையிலேயே முதல்முறை ஸ்டம்பிங். பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட கிரீஸை விட்டு இப்படி மாட்டாத ஆள்.

இப்போது ராஜ்கோட்டுக்கு வருவோம். 2024 பிப்ரவரி, தொடர் 1-1. இந்தியா 445. டக்கெட் இரண்டாம் நாள் நம்மைப் பொளந்து கட்டினார், நாள் முடிவில் 207க்கு இரண்டு, டக்கெட் 133 நாட் அவுட். அன்றுதான் அஸ்வின் ஐநூறாவது விக்கெட்டை எடுத்தார், அன்று இரவே குடும்ப அவசரத்துக்காக சென்னைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் காலை ரோஹித் கையில் ஒரு பந்துவீச்சாளர் குறைவு. வெயில் ஏறும், பும்ராவுக்கு ஐந்து ஆறு ஓவர் போனால் ஓய்வு தேவை, செட்டான டக்கெட் எதிர்முனையில். ரூட் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் 18இல் பும்ராவை ரிவர்ஸ் ஸ்கூப் ஆடினார், இரண்டாவது ஸ்லிப்பில் ஜெய்ஸ்வால் கையில் நேராக. 224க்கு மூன்று. அடுத்த ஓவரில் பேர்ஸ்டோ பூஜ்யம். 319க்கு எல்லோரும் காலி. இந்தியா 434 ஓட்டத்தில் ஜெயித்தது, ஓட்ட வித்தியாசத்தில் நம்முடைய மிகப் பெரிய டெஸ்ட் வெற்றி அது.

அந்த ஷாட்டை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன். ரிவர்ஸ் ஸ்கூப் ரூட்டுக்குச் சூதாட்டம் அல்ல. தேர்ட் மேன் இல்லாதபோது ஸ்லிப்புகளின் தலைக்கு மேலே காலி இடம், பந்தின் வேகத்தைப் பயன்படுத்தி மட்டையைத் திருப்பிக் கொடுத்தால் போதும், சவுத்தி, வாக்னர், ஷர்துல், போலண்ட் எல்லோரையும் அப்படி அடித்திருக்கிறார். ஆனால் அந்தப் பெயர்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் நடுத்தர வேகத்தில் ஒரே இடத்தில் போடுகிறவர்கள். பும்ராவின் பந்து எங்கிருந்து வருகிறது என்பதே கடைசி நொடிவரை தெரியாது, வேகமும் அதிகம். பந்து வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒரு ஷாட்டை, முன்கூட்டி முடிவு செய்யவே விடாத ஒரு பந்துவீச்சாளரிடம் ஆடினார். தாமதமாக ஆடுவதை வைத்துப் பேர் வாங்கிய ஒருவர் எல்லோருக்கும் முன்னால் தீர்மானித்துவிட்டு நின்றார் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அப்படி ஏன் ஆடினார் என்று கேட்டால், அந்தத் தொடரில் அதுவரை அவரிடம் ஓட்டமில்லை. ஹைதராபாத்தில் 29, 2. விசாகப்பட்டினத்தில் 5, 16, அந்த இரண்டாவது இன்னிங்ஸும் பத்தே பந்தில் அஸ்வினை ஏறி அடித்து முடிந்தது. ஓட்டம் வராத காலத்தில் நிதானமான பேட்ஸ்மேன் வழக்கமாக என்ன செய்வார்? இன்னும் நிதானமாவார், நேராக ஆடுவார், இருபது நிமிஷம் ஒரு ஓட்டமும் எடுக்காமல் நின்று காலை நகர்த்திப் பார்ப்பார். பழைய அணியில் அது பொறுப்பு. இந்த அணியில் அது பயம் என்று பெயர் வாங்கக்கூடிய செயல். யாரும் ரூட்டிடம் ஸ்கூப் ஆடு என்று சொல்லியிருக்கப் போவதில்லை, எப்படி வேண்டுமானாலும் ஆடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவுட்டானாலும் பரவாயில்லை அடி என்று ஒரு அணி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தால், அடித்து அவுட்டானவருக்கு முதுகில் தட்டு கிடைக்கிறது, தடுத்து அவுட்டானவருக்கு மௌனம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரம் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. இது என் ஊகம்தான், ரூட்டின் மனசுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் எட்டு வருஷம் டொக்கு வைத்தவனுக்கு அந்த மௌனம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

ஒரு வாரம் கழித்து ராஞ்சி. அறிமுக ஆட்டக்காரர் ஆகாஷ் தீப் முதல் மணி நேரத்திலேயே மூன்று விக்கெட் சாய்த்தார், பந்து தாழ்ந்தும் எகிறியும் வந்தது, மதிய உணவுக்குள் 112க்கு ஐந்து. ரூட் 219 பந்தில் சதம். மெக்கல்லம் வந்த பிறகு இங்கிலாந்துக்காக யாரும் அவ்வளவு மெதுவாகச் சதம் அடித்ததில்லை. ஸ்கூப் கிடையாது, விக்கெட் கீப்பர் ஃபோக்ஸோடு சேர்ந்து 113, கடைசியில் 274 பந்தில் 122 நாட் அவுட். டெஸ்டை இந்தியாதான் ஜெயித்தது, ஆனாலும் அந்தத் தொடரில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த நாள்களில் ஒன்று அது. யாராவது அவரைத் திட்டினார்களா? இல்லை, எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் அவருக்கு, என் கணக்கில், தன் பங்கு என்ன என்ற கேள்விக்கு விடை நிலைத்தது.

அதன் பிறகு வந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்: அந்தக் கோடையில் லார்ட்ஸில் இலங்கைக்கு எதிராக ஒரே டெஸ்டில் 143, 103. அக்டோபரில் முல்தானில் 262, புரூக் 317, இருவரும் சேர்ந்து 454. அந்த ஆட்டத்தில்தான் அலஸ்டர் குக்கைத் தாண்டி இங்கிலாந்தின் அதிக ஓட்டக்காரர் ஆனார். 2025இல் நமக்கு எதிராக மூன்று சதம், மான்செஸ்டரில் 150 அடித்த அன்று ஒரே நாளில் டெஸ்ட் ஓட்டக் கணக்கில் திராவிட், காலிஸ், பாண்டிங் மூவரையும் தாண்டி டெண்டுல்கருக்கு அடுத்த இடம். கேப்டன் பதவியை விட்டபோது 25 சதம் இருந்தவர், 2025 டிசம்பரில் பிரிஸ்பேனில் 40ஐத் தொட்டார், ஆஸ்திரேலிய மண்ணில் அவருடைய முதல் சதம் அது.

இதெல்லாம் பாஸ்பால் கொடுத்தது என்று சொல்லிவிடலாமா? பாதிதான். அவருடைய பெரிய எழுச்சி 2021இல், மெக்கல்லம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கேப்டன் பதவி போனதும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் இந்தக் காலத்தில் ஆடுகளங்களும் பேட்டிங்குக்குச் சாதகமாகத்தான் போடப்பட்டன. மிச்சமிருக்கிற லாபம், நான் சொன்ன அந்த ஃபீல்டிங் கணக்கு.

லாபம் எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. தொடக்க ஆட்டக்காரர் அலெக்ஸ் லீஸ் ஒரு கோடையோடு வெளியே போனார். பென் ஃபோக்ஸ், அந்த நாட்டின் மிகச் சிறந்த விக்கெட் கீப்பர் என்று பலரும் சொல்கிறவர், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 2022இல் நிதானமாக ஒரு சதம் அடித்தவர், 2023 ஆஷஸில் பேர்ஸ்டோவுக்காக உட்கார வைக்கப்பட்டார். ராஞ்சியில் ரூட்டுக்குத் துணை நின்ற அதே ஃபோக்ஸ் அடுத்த கோடையில் ஜேமி ஸ்மித்துக்கு இடம் விட்டார். நிதானத்துக்கு அந்த அணியில் ஒரு நாற்காலிதான் இருந்தது, அதில் ரூட் உட்கார்ந்திருந்தார். பத்தாயிரம் ஓட்டம் கையில் இருந்ததால்தான் ஒரு வருஷத்துக்கு மேல் தடுமாறி, கற்றுக்கொண்டு, திரும்ப வர அவருக்கு நேரம் கிடைத்தது. ஃபோக்ஸுக்கு யார் கொடுப்பார்கள்?

விசித்திரம் என்னவென்றால், மெக்கல்லத்துக்கு இது தெரியாத பாடமே அல்ல. அவர் நியூசிலாந்து கேப்டனாக இருந்தபோது அவருடைய அணியின் மூன்றாம் இடத்தில் ஆடியவர் கேன் வில்லியம்சன், இந்தத் தலைமுறையின் மிக மரபான பேட்ஸ்மேன். 2014 நவம்பரில் ஷார்ஜாவில் மெக்கல்லம் 188 பந்தில் 202 அடித்தபோது எதிர்முனையில் வில்லியம்சன் 192 எடுத்தார், கேப்டனைப் போல ஆட முயலாமல். கிளைவ் லாயிடின் மேற்கிந்தியத் தீவுகள் அணியிலும் அத்தனை அடிகாரர்கள் நடுவே லாரி கோம்ஸ் என்று ஒரு சத்தமில்லாத மனிதர் இருந்தார்.

இனி புஜாரா. உங்கள் கேள்வியில் "மாற்றியிருக்க வேண்டுமா" என்று இருக்கிறது. மாற்றப் பார்த்தார்கள் என்பதுதான் உண்மை. 2018-19இல் ஆஸ்திரேலியாவில் 1,258 பந்துகளைச் சந்தித்து 521 ஓட்டம், மூன்று சதம், தொடரையே வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்து 2020இல் வெலிங்டனில் 81 பந்தில் 11 எடுத்து அவுட்டானதும், அளவுக்கு மீறி ஜாக்கிரதையாக ஆடினால் உதவாது என்று கோலி, பெயர் சொல்லாமல், பேசினார். நம் பக்கத்திலும் "இன்டென்ட்" (அடித்து ஆடும் முனைப்பு) என்ற ஒரு சொல் அப்போது ஊரெல்லாம் சுற்றியது. புஜாரா ரூட் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ரூட்டின் ஆட்டத்தில் ஓட்டம் இயல்பாகவே ஊறிக்கொண்டிருக்கும், ஃபீல்டர்கள் விலகினால் உடனே பெருகும். புஜாராவுக்கு அப்படி அல்ல, ஃபீல்டர்கள் விலகினாலும் அவர் அதே பந்தைத்தான் விடுவார். அவருக்கு ரிவர்ஸ் ஸ்கூப் கற்றுக்கொடுத்திருந்தால் ஒரு ரிவர்ஸ் ஸ்கூப்பும் வந்திருக்காது, இருந்த புஜாராவும் போயிருப்பார்.

அவரை வைத்துச் செய்திருக்க வேண்டியது 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில், கோலி இல்லாத ஒரு அணியில், தானாகவே நடந்தது. 328 இலக்கு, கடைசி நாள். புஜாரா 211 பந்துகள் நின்று 56. ஹெல்மெட், விலா, விரல் என்று உடம்பில் அடி வாங்காத இடமில்லை. கம்மின்ஸும் ஹேசில்வுட்டும் அவரிடமே தங்கள் ஓவர்களைச் செலவழித்தார்கள். மறுமுனையில் முதலில் கில் அடித்து 91, பிறகு பந்த் அடித்து 89 நாட் அவுட். பந்த் கடைசியாக நேரே ஒரு நாலு அடித்து ஓடிய படம் எல்லோர் வீட்டு போனிலும் இருக்கிறது. அன்று புஜாராவிடம் யாராவது போய் "கொஞ்சம் வேகமாக ஆடேன் அண்ணா" என்று சொல்லியிருந்தால், பந்த் சந்தித்த கம்மின்ஸ் வேறு கம்மின்ஸாக இருந்திருப்பார்.